எனக்குப் பிடித்த மூன்று ஆட்டங்களும் ஓர் அடிக்கட்டையும்

சுகந்தன் கேட்ட விதமே எனக்குச் சரியாகப் படவில்லை. பாரிசின் லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் என்னைக் கண்டவன், கும்பிட்டு, கதிரை இழுத்துப் போட்டு, வடையும் எடுத்து வைத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினான். சங்கச் செயலாளராக வந்த நாளிலிருந்து என்னைக் கண்டால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறவன் அவன்.

“அண்ணை, பழைய மாணவர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேணும். எங்கட கல்லூரி ரீம் பாரிசில விளையாடினதில உங்களுக்குப் பிடிச்ச ஆட்டங்களைப் பற்றி எழுதித் தாங்கோ.”

“இவ்வளவு காலமும் என்னட்ட ஒண்டும் கேக்கேல்லை. இப்ப என்ன திடீரெண்டு?”

“நீங்கள்தானே ஒரு ஆட்டமும் விடாமப் பாத்தனீங்கள்.”

இதை நான் நம்பவில்லை. என்னிடம் இருக்கும் பழைய படப் பெட்டிகளுக்கு அடிபோடுகிறான் என்று முதலில் நினைத்தேன். எழுதுவதாகச் சொன்ன பெரிய ஆட்கள் கையை விரித்திருப்பார்கள், பக்கத்தை நிரப்ப ஓர் ஆள் தேவைப்பட்டிருக்கும் என்று பிறகு நினைத்தேன். அதற்கிடையில் அவன் தன் கைபேசியை எடுத்துக் காட்டினான். இந்தக் கோடையிலிருந்து விளையாட்டுக்காரரின் அடையாள அட்டை போனிலேயே வருமாம். மைதானத்தில் ஸ்கான் பண்ணினால் ஆளின் படம், பெயர், கல்லூரி எல்லாம் தெரியுமாம்.

“இனி ஒருத்தரும் கள்ள ஆள் இறக்கேலாது அண்ணை. 2013இல நடந்த மாதிரி நடக்காது” என்றான்.

2013 என்று சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்த்தானா, கைபேசியைப் பார்த்தானா என்று எனக்கு இப்போதும் நிச்சயமில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இந்த மலரை இங்கே பிறந்த பிள்ளைகளும் புரட்டுவார்கள் என்பதால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடத்தையே கல்லூரி என்றுதான் சொல்வோம். வன்னியிலிருக்கும் எங்கள் கல்லூரியின் பெயர் மலரின் முகப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் பாரிசுக்கு வெளியே பொபினிப் பக்கத்து மைதானத்தில் ஊர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடத்துவார்கள். அதில் பெரிய விதி ஒன்றுதான். எந்தக் கல்லூரிக்கு விளையாடுகிறாயோ, அந்தக் கல்லூரியில் நீ படித்திருக்க வேண்டும். நன்றாக விளையாடும் ஆட்களை வெளியே பிடித்து, ‘எங்கட பெடியன்’ என்று இறக்கும் வேலை எல்லாக் கல்லூரியிலும் நடந்தது. அதைத் தடுக்கத்தான் அடையாள அட்டை வந்தது. அந்த அட்டையை அச்சடித்தவன் நான்.

எண்பதுகளில் ஊரைவிட்டு வந்தேன். கோப்பை கழுவினேன், அலுவலகங்கள் கூட்டினேன், கடைசியில் லா சப்பலில் ஒரு சின்ன அச்சுக்கடையில் ஒட்டிக்கொண்டேன். வேலை பிடிபட இரண்டு வருடம் எடுத்தது. முதலாளி லூர்து பாண்டிச்சேரிக்காரர், எல்லாரும் முசே லூர்து என்பார்கள். அரசாங்க அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு கடை போட்டவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது அளந்துவிடுகிறார்கள் என்று தெரிந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, “ம்…” என்பார். பிறகு, “ஆள வரச் சொல்லுப்பா” என்பார். அந்த ‘ம்’முக்கு எல்லா ரீம் மனேஜர்மாருக்கும் பயம்.

அட்டைக்கு அவர் வைத்த முறை இப்படி. மனேஜர் கட்டாகப் படம் கொண்டுவந்து கொடுக்க ஏலாது. விளையாடுகிறவன் நேரே வரவேண்டும். படிவத்தை என் முன்னால் நிரப்பி, என் முன்னால் ஒப்பம் வைக்க வேண்டும். படத்தையும் ஆளையும் நான் ஒப்பிட வேண்டும். அதற்கு அவர் சொல்லித் தந்த வழி ஒன்று இருந்தது.

“தவம், மூஞ்சி மாறும்பா. தாடி வைப்பான், எடுப்பான், இளைப்பான், பெருப்பான். காது மாறாது. மூஞ்சப் பாக்காத, காதப் பாரு.”

அன்றிலிருந்து நான் மனிதரின் முகத்தைப் பார்த்துக் கதைப்பதைக் குறைத்துவிட்டேன். என் மனைவிகூட, “ஏன் என்ர காதைப் பாத்துக் கதைக்கிறியள்?” என்று ஏசியிருக்கிறாள். ஒப்பிட்ட பிறகு அச்சடிப்பேன், வெட்டுவேன், சூட்டு மெசினில் பிளாஸ்ரிக் உறை போடுவேன். குமிழி வந்தால் திரும்பவும் முதலிலிருந்து. மூலைகளை வளைத்து வெட்டுவேன், இல்லாவிட்டால் கையைக் கீறும். ஒவ்வோர் அட்டைக்கும் அதே படமும் விவரமும் உள்ள இரண்டு அடிக்கட்டை. ஒன்று மனேஜருக்கு, மற்றது கடையில் கல்லூரிவாரியாகச் சப்பாத்துப் பெட்டிகளில்.

2009 கோடையில் ஆட்டம் இல்லை. அந்த வருடம் யாருக்கும் பந்தைப் பற்றி நினைக்க மனம் இருக்கவில்லை. அடுத்த கோடையில் திரும்பத் தொடங்கியபோது எங்கள் ரீமில் எட்டுப்பேர்தான் வந்து நின்றார்கள். மற்றவர்கள் உணவகங்களில் மதிய வேலை. காலிறுதி. இடைவேளைவரைக்கும் எட்டுப்பேரும் கோலுக்கு முன்னால் கூட்டமாக நின்று பந்தை மறித்துக்கொண்டிருந்தார்கள். இடைவேளை முடிகிற நேரம் எங்கள் முன்வரிசைக்காரன் சமையலறை வெள்ளைச் சட்டையோடு ஓடிவந்தான். ஆளிடம் வெங்காய நெடி. வந்த கையோடு ஜேசியை மாட்டி, கடைசி நிமிடத்தில் தலையால் ஒன்று போட்டான். நாங்கள் வென்றோம். அவன் பத்ரோனிடம், அதுதான் உணவக முதலாளியிடம், பல்லுக் கொதி என்று சொல்லிவிட்டு வந்தவன், கத்தின சத்தத்தில் தொண்டையும் போய், திரும்பி வேலைக்குப் போகும்போது பொய்யை மெய்யாக்கிக் கன்னத்தைப் பொத்திக்கொண்டு போனான். அதுதான் எனக்குப் பிடித்த முதல் ஆட்டம்.

அடுத்த வருடத்து ஆட்டம் ஒன்றில் எங்கள் கோலி, கோல் காக்கிறவன், எதிரணிக் கூடாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். விலைபோய்விட்டான் என்று முடிவு கட்டி, முதல் பாதி முழுக்க அவன் முதுகுக்குப் பின்னால் நின்று காவல் காத்தேன். ஆனால் வந்த பந்தெல்லாவற்றையும் பிடித்தான். ஆட்டம் முடிந்ததும் நேரே அந்தக் கூடாரத்துக்குப் போனான், நானும் பின்னால் போனேன். அங்கே மட்டன் ரோல் பொரித்துக்கொண்டிருந்தார்கள். விடிய வேலைக்குப் போய் அப்படியே வந்தவன், ஒன்றும் சாப்பிடவில்லை. எனக்கும் ஒரு ரோல் தந்தான். இந்த ஆட்டத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை, என் குணம் விளங்கட்டும் என்று சொன்னேன்.

இனி 2013.

சுற்றுப்போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னால் அப்போதைய மனேஜர் குலம் புது விளையாட்டுக்காரர்களைக் கடைக்குக் கூட்டிவந்தான். அதில் ஒருவன் நிரோசன். இருபது வயது, ஒல்லி, இடதுகால்காரன். அவனைப் பயிற்சியில் ஏற்கெனவே பார்த்திருந்தேன். எங்கள் ரீமில் அதற்குமுன் அப்படி ஒருவன் விளையாடியதில்லை. எங்கிருந்து பிடித்தார்கள் இவனை என்ற கேள்வி அப்போதே எனக்குள் வந்துவிட்டது. படிவத்தை நிரப்பினான், ஒப்பம் வைத்தான். நான் காதைப் பார்த்தேன். வலது காதின் மேல் மடிப்பில் சின்ன வெட்டு ஒன்று. அந்தக் காதை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

அட்டையைச் செய்து கொடுத்தனுப்பிவிட்டுப் பழைய பெட்டிகளை இறக்கினேன். இரண்டு வருடத்துக்கு முந்திய பெட்டியில், முல்லைத்தீவுக் கரைப் பக்கத்து வேறொரு கல்லூரியின் கட்டில் அவன் இருந்தான். அதே பெயர், அதே காது. இரண்டு அடிக்கட்டையையும் முதலாளிக்கு முன்னால் வைத்தேன்.

“ஒரு ஆள், ரெண்டு கல்லூரி, முசே. ஒண்டு பொய்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஆனால் ‘ம்’ சொல்லவில்லை.

“காது, ஆளு யாருன்னு சொல்லும்பா. ஏன்னு சொல்லாது. அத அவனத்தான் கேக்கணும்.”

நிரோசனைக் கூப்பிட்டேன். அடுத்த நாள் வேலை முடிந்து வந்தான். கடையில் ஒரு குடும்பம் கல்யாணக் கார்ட் பார்த்துக்கொண்டிருந்தது. அவர்களுக்கு முன்னால்தான் கேட்டேன்.

“எங்கட கல்லூரியில எப்ப படிச்சனி?”

“2008 கடைசியில, அண்ணை. கொஞ்ச நாள்தான்.”

“பெரிய மண்டபம் எந்தப் பக்கம் பாத்தபடி நிக்குது?”

“தெரியாது அண்ணை.”

“தண்ணித் தாங்கி எங்கை?”

“தெரியாது.”

“விளையாட்டு மைதானத்துக்கு எந்த வாசலால போறது?”

அவன் கல்யாணக் கார்ட் பார்க்கிறவர்களை ஒருமுறை திரும்பிப் பார்த்தான். “நான் கொட்டிலிலதான் அண்ணை படிச்சனான்” என்றான்.

“எங்கட கல்லூரியில கொட்டில் இருக்கேல்லை, தம்பி. நான் பத்து வருசம் படிச்ச இடம்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். பிறகு, “நான் வாறன் அண்ணை, வேலைக்குப் போகவேணும்” என்று போய்விட்டான். வேலை முடிந்துதான் வருகிறேன் என்று சற்று முன்தான் சொல்லியிருந்தான். போதும், பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். குற்றமில்லாதவன் என்றால் சண்டை பிடித்திருப்பான் என்றும் நினைத்தேன். இரண்டு நினைப்பும் அப்போது எனக்கு நியாயமாகத்தான் தெரிந்தன.

குலத்திடம் நேரே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவனும் சேர்ந்துதான் கள்ள ஆள் பிடித்திருக்கிறான், அதுவும் என் கையாலேயே அட்டை அடிப்பித்து என்னை மொக்கனாக்கிப் போட்டான் என்ற கோபம். எங்கள் கல்லூரி அந்தக் கோப்பையை ஒருமுறையும் தூக்கியதில்லை. தூக்கினால் பொய்யால் தூக்கக் கூடாது என்று எனக்கு நானே பெரிய நியாயம் சொன்னேன். கோபம்தான் கூட. நியாயம் அதற்கு உறை.

அரையிறுதி நாள் காலையில் அந்தப் பழைய அடிக்கட்டையைப் படியெடுத்து, கடித உறையில் போட்டு, பெயரெழுதாமல் சுற்றுப்போட்டிக் குழுவின் மேசையில் வைத்துவிட்டு வந்தேன். மேசையில் யாரும் இல்லை.

பிறகு நடந்த நாற்பத்தைந்து நிமிடம்தான் எனக்குப் பிடித்த இரண்டாவது ஆட்டம். நிரோசன் இரண்டு கோல் போட்டான். இரண்டாவது கோலுக்கு, இடதுபக்கக் கோட்டோரமாகப் பந்தைக் கொண்டுபோனவன் இரண்டு பேரை வெட்டினான், மூன்றாவது ஆள் காலை நீட்டும்வரைக்கும் பொறுத்து நின்று அந்தக் காலுக்கு மேலால் பந்தைத் தூக்கினான். கோலி அசையவே இல்லை. நான் என்னை மறந்து எழும்பிக் கைதட்டினேன், கத்தினேன், பக்கத்தில் நின்ற குலத்தைக் கட்டிப்பிடித்தேன். உறை மேசையில் இருந்தது.

இடைவேளையில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கள்ள ஆள் இறக்கியதால் எங்கள் கல்லூரி சுற்றுப்போட்டியிலிருந்து நீக்கப்படுகிறது, நிரோசனுக்கு இனி எந்தக் கல்லூரிக்கும் விளையாடத் தடை. எங்கள் ஆட்கள் குழு மேசையைச் சுற்றிக் குழறினார்கள். நிரோசன் மட்டும் ஜேசியைக் கழற்றி, வியர்வையோடு மடித்து, குலத்தின் கையில் கொடுத்துவிட்டு நடந்தான். கீழே போட்டான் என்று பின்னாளில் கதை கட்டினார்கள். அவன் மடித்துத்தான் கொடுத்தான்.

நிரோசனின் பழைய கல்லூரி மனேஜரிடமும் அந்த அடிக்கட்டை ஒன்று இருந்தது. ஆகவே எல்லாரும் அந்த மனிதன்தான், பெடியன் ரீம் மாறிய எரிச்சலில் காட்டிக்கொடுத்தான் என்று முடிவு கட்டினார்கள். அவர் இல்லை என்று சத்தியம் பண்ணினார். “வேற ஆர் செய்வான்?” என்று குலம் என்னைக் கேட்டபோது, “அவராத்தான் இருக்கும்” என்றேன். அந்த மனிதர் இப்போது பாரிசுக்கு வெளியே ஆர்ஜொந்தெயில் இருக்கிறார். எங்கள் ஆட்கள் இன்றைக்கும் அவர் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவதில்லை.

செவ்வாய்க்கிழமை குலம் கடைக்கு வந்தான். “பெடியன்ர கடிதத்தையும் திருப்பி வாங்கிட்டம் அண்ணை. பொய்க் கடிதம் குடுத்ததெண்டு சங்கத்துக்குப் பிரச்சினை வந்திடும்” என்றான்.

“என்ன கடிதம்?”

“எங்கட கல்லூரியில படிச்சதெண்டு சங்கம் குடுத்த கடிதம். அகதி விசாவுக்குத்தான், சண்டை நேரம் வன்னியில இருந்ததுக்கு அத்தாட்சி. முதல் ரிஜெக்ட் ஆகிட்டுது, வியாழக்கிழமை மேல்வழக்கு. அவனட்ட வேற ஒரு துண்டும் இல்லை. எல்லாம் அங்கை கடைசிச் சண்டைக்க போயிட்டுது.”

மெசின் சூடாக இருந்தது. உள்ளே போன அட்டை சுருண்டு வந்தது, எடுத்துப் போட்டுவிட்டு வேறொன்று வைத்தேன். பொய்க் கடிதம் போகாமல் நிற்பது நல்லதுதானே என்று எனக்குச் சொல்லிக்கொண்டேன். வியாழக்கிழமை வந்து போனது.

சனிக்கிழமை ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் பொலித்தீனால் சுற்றிய ஒரு பொருள். சில பக்கங்களைப் படியெடுக்க வேண்டும் என்றார். பிரித்தால், வகுப்பு வரவு இடாப்பு, பிள்ளைகளின் பெயர்ப் பதிவேடு. எங்கள் கல்லூரியின் முத்திரை.

“நீங்கள் ரீச்சரோ?” என்றேன்.

“ஓம். புனிதா. உங்கட கல்லூரியிலதான் கடைசியாப் படிப்பிச்சனான். நிரோசனெண்டு ஒரு பிள்ளை, அவனுக்குச் சங்கம் கடிதத்தை மறுத்திட்டுதாம். எனக்கு நேற்றுத்தான் தெரியும்.”

“ரீச்சர், அந்தப் பெடியனுக்குக் கல்லூரி மண்டபம் எங்கை இருக்கெண்டே தெரியாது.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “எப்பிடித் தெரியும்? நாங்கள் 2008இல கட்டிடத்தை விட்டிட்டு ஓடினனாங்கள். போய் இருந்த இடத்தில தடியும் தறப்பாளும் போட்டுக் கொட்டிலிலதான் பள்ளிக்கூடம் நடத்தினது. காலமை நாங்கள், பின்னேரம் அவன்ர பள்ளிக்கூடம். பிறகு அவையின்ர ஆசிரியர் எல்லாரும் ஒவ்வொரு பக்கம் போயிட்டினம். அந்தப் பிள்ளையளை எங்கட அதிபர் எங்கட இடாப்பில எழுதச் சொன்னார். நான்தான் எழுதினனான்.”

அவர் காட்டிய இடத்தில் நிரோசனின் பெயர் இருந்தது. நான் அப்போதும் விடவில்லை. விரலை நாக்கில் தொட்டு அந்த மையைத் தேய்த்துப் பார்த்தேன். பழைய மை, அழியவில்லை. பெயருக்கு நேரே வரவுக் கோடுகள், ஒரு தை மாத நாளோடு நின்றுவிட்டன. அந்தப் பக்கத்தில் எல்லாப் பெயர்களுக்கும் அன்றோடு நின்றுவிட்டன.

எண்பதுகளில் வெளிக்கிட்டவன் நான். என் கல்லூரி கல்லுக் கட்டடம். அது எழும்பி நடந்து போய்க் காட்டுக்குள் இருந்ததை நான் நினைத்தும் பார்க்கவில்லை. அந்தக் கொட்டில் இருந்த இடத்தை என்னிடம் கேட்டிருந்தால் எனக்குத்தான் தெரிந்திருக்காது.

முதலாளி எழும்பி வந்து இடாப்பை என் கையிலிருந்து வாங்கினார். என்னிடம் தராமல் ஒவ்வொரு பக்கமாகத் தானே படியெடுத்தார். உறையை வைத்தது நான் என்று அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அவர் இறக்கும்வரைக்கும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

சங்கம் மன்னிப்புக் கேட்டது, தடை நீங்கியது, புதுக் கடிதமும் எழுதினார்கள். ஆனால் வழக்கு முடிந்துவிட்டது. மறுத்துவிட்டார்கள். அந்தக் கடிதம் இருந்திருந்தால் வென்றிருக்குமா என்று வழக்கறிஞரைக் குலம் கேட்டானாம், சொல்ல முடியாது என்றாராம். ஆறு வருடம் அவன் விசா இல்லாமல் சமையலறைகளில் நின்றான். அதற்குள் ஊரில் தாய் இறந்தாள். போக முடியவில்லை. செத்தவீட்டை ஒரு சிநேகிதனின் அறையில் இருந்து கைபேசியில் பார்த்தான் என்று கேள்விப்பட்டேன். அன்றைக்குச் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன். மனைவி ஏன் என்று கேட்டாள், வயிறு சரியில்லை என்றேன்.

கடைசியில் வேலைப் பத்திரங்களைக் காட்டி விசா எடுத்தான். அந்தக் கோடையில் அட்டைக்கு வந்தான். ஆள் பெருத்திருந்தான், தாடி வைத்திருந்தான். நான் காதைப் பார்க்கவில்லை. நானே படிவத்தில் எங்கள் கல்லூரியின் பெயரை எழுதினேன்.

அந்த ஆட்டம்தான் மூன்றாவது. கடைசிப் பன்னிரண்டு நிமிடத்துக்கு அவனை இறக்கினார்கள். நின்று நின்று வேலை செய்த கால், ஓட ஏலவில்லை. தொட்ட பந்தெல்லாம் பறிபோனது. ஒன்றை மட்டும் இடதுகாலால் எடுத்து, எதிரே வந்தவனின் காலுக்கு மேலால் தூக்க முயன்றான், அது வெளியே போனது. நாங்கள் தோற்றோம். ஆனால் விசில் ஊதும்வரைக்கும் அவன் எங்கள் ஜேசியோடு மைதானத்துக்குள் நின்றான். அதைப் பார்த்ததற்காகவே அந்த ஆட்டம் எனக்குப் பிடிக்கும்.

முடிந்ததும் என் பக்கத்தில் புல்லில் வந்திருந்து சப்பாத்தைக் கழற்றினான்.

“அண்ணை, ஒண்டு கேக்கட்டோ? அண்டைக்கு அந்த அடிக்கட்டையை ஆர் குடுத்ததெண்டு உங்களுக்குத் தெரியுமோ? எல்லாரும் அந்த மனேஜரைத்தான் சொல்லுகினம். எனக்கெண்டா நம்பிக்கையில்லை. அவர் என்னை நல்லா வச்சிருந்தவர். ஆரெண்டாலும் இனி எனக்குக் கோவமில்லை. தெரிஞ்சால் காணும்.”

அவன் என் முகத்தைப் பார்த்துத்தான் கேட்டான்.

“தெரியாது, தம்பி” என்றேன்.

“பரவாயில்லை அண்ணை” என்றான். எனக்கு முழங்கால் வலி, எழும்பக் கஷ்டப்பட்டேன். கை தந்து தூக்கிவிட்டு, ட்ராம் வரும்வரைக்கும் என்னோடு நின்றான்.

சுகந்தன், நீ எதற்காக என்னிடம் கேட்டாய் என்று எனக்கு இன்னும் சந்தேகம்தான். தெரிந்து கேட்டாயோ தெரியாமல் கேட்டாயோ, இதில் ஒரு வரியும் வெட்டாமல் போடு. மலர் அங்கத்தவர் எல்லாரின் வீட்டுக்கும் தபாலில் போகும் என்று சொன்னாய். நிரோசனும் அங்கத்தவன்.

நிரோசன், அந்த உறையை வைத்தது நான்.